ஆர்டெல் நுகார்டின் சுத்தமான புல்

ஆர்டெல் நுகார்டின் நிலத்தில் பெசன்ட் என்கிற காட்டுக்கோழி இல்லாமல் போனதற்கு நரி காரணம், பருந்து காரணம், பனி காரணம், அரசாங்கம் காரணம். ஆர்டெல் மட்டும் காரணமில்லை. இதைத்தான் அவர் காப்பிக்கடையில் தினமும் காலை ஏழு மணிக்கு வாய் கிழியச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்களும் ஆமாம் போட்டார்கள். அவர்கள் மட்டும் என்ன ஒழுங்கு? வேலியோரப் புதரையெல்லாம் வழித்தெடுத்துவிட்டுக் கடைசி அடிவரை மக்காச்சோளம் போட்டவர்கள்தானே எல்லோரும்.

விஷயம் வெறும் கோழி இல்லை. அக்டோபர் மூன்றாம் சனிக்கிழமை தெற்கு டகோட்டாவில் இந்தக் கோழி வேட்டை தொடங்கும். அந்த ஒரு நாளுக்காகத்தான் தம்பிகள் வெண்டலும் கர்ட்டும் அண்ணன் வீட்டுக்கு வருவார்கள். கிறிஸ்துமஸுக்குக்கூட வருவதில்லை. ஆர்டெலின் மனைவி இறந்துபோன பிறகு அந்த வீட்டுக்குள் வேறு யாரும் காலெடுத்து வைப்பதும் இல்லை. ஒரு வருஷம் மூன்று பேரும் நாள் முழுக்க நடந்தும் ஒரு சேவலைப் பார்க்கவில்லை. கிளம்பும்போது வெண்டல் சொல்லிவிட்டான்.

"அண்ணே, இன்னும் மூணு வருஷம் பாப்போம். அப்பவும் இப்படித்தான்னா நாங்க காசு கட்டிச் சுடுற பண்ணைக்குப் போயிடுறோம். கோவிச்சுக்காதே."

ஆர்டெல் கோபித்துக்கொள்ளவில்லை. பயந்துவிட்டார்.

பயந்தவருக்குப் புத்தியாவது வந்ததா என்றால் அதுவும் இல்லை. அடுத்த கோடையில் கூண்டில் வளர்ந்த இருநூறு கோழிகளை வாங்கி வந்து வயலில் திறந்துவிட்டார். அவற்றுக்கு நரியைக் கண்டால் ஓட வேண்டும் என்பதே தெரியாது. தீவனம் போட வருகிற ஆள் என்று நினைத்து எதிரே போய் நின்றன. பத்து நாளில் எல்லாம் முடிந்தது. அந்த வருஷம் அந்த வட்டாரத்து நரிகள் நன்றாகக் கொழுத்திருந்தன.

பிறகுதான் வனவிலங்கு அலுவலகத்திலிருந்து ஒரு பையன் வந்தான். தண்ணீர் தேங்கி விளைச்சலே தராத மூலை முப்பது ஏக்கரை அவனிடம் காட்டினார் ஆர்டெல். இங்கே உயரப் புல்லும் பூச்செடிகளும் விதையுங்கள், ஓரத்தில் நாலு வரிசை சோளம் போட்டு அறுக்காமல் விடுங்கள், குளிர்காலத்தில் கோழிகள் தின்னும் என்றான் அவன்.

"முக்கியமா ஒண்ணு சார். ஆகஸ்ட் வரைக்கும் இதுல புல்லு வெட்டுற மெஷினை இறக்கிடாதீங்க. பெட்டை புல்லுக்குள்ளதான் தரையில முட்டை போட்டு உக்காந்திருக்கும். வெட்டுற சத்தம் கேட்டாலும் எழுந்திருக்காது."

"எனக்குத் தெரியாதா தம்பி? நான் பொறந்து வளந்ததே இங்கதான்" என்றார் ஆர்டெல். உண்மைதான். பிறந்ததிலிருந்தே அவர் புல் வெட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

விதைத்த இரண்டாம் வருஷம் புல் மார்பளவு வந்தது. மே மாதம் சேவல்கள் உள்ளேயிருந்து கூவின. ஆர்டெல் தம்பிகளுக்குப் போன் போட்டு அந்தக் கூவலைக் கேட்கவைத்தார். கர்ட் அங்கே சிரித்தது இவர் காதில் தேனாக விழுந்தது.

அதோடு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் புல்லுக்கு நடுவே ஊதா நிறத்தில் முட்செடிகள் தலைகாட்டின. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகிற வழி அந்த மூலையை ஒட்டித்தான். பிக்கப் வண்டியை நிறுத்தி ஒருவன் கேட்டான்: "என்ன ஆர்டெல், மெஷின் ரிப்பேரா? இல்ல உடம்புக்கு முடியலையா?"

இந்தக் கேள்வியை அந்த ஊரில் எந்த ஆணும் தாங்கமாட்டான். அதிலும் சாலைக்கு அந்தப் பக்கம் பெர்னடின் இருக்கிறாள். எழுபது வயதுக்காரி, தனிக்கட்டை. அவள் நிலத்தில் பாதி சம்புக்கோரை மண்டிய சேறு, மீதி முட்செடி. இரண்டு வருஷம் முன்னால், களையை வளரவிடுகிறவர்களுக்கு அபராதம் போடும் களை வாரியத்துக்கு அவளைப் பற்றிப் புகார் எழுதிப் போட்டவரே ஆர்டெல்தான். இப்போது தன்னையும் அவளையும் ஊர் ஒரே தட்டில் வைத்துவிடுமோ என்று நினைத்தபோது அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

ஜூன் நடுவில் மெஷினை இறக்கினார். ஓரம் மட்டும்தான் என்று தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டார். ஓரம் முடிந்ததும் முட்செடி இருந்த இடம் மட்டும். அதுவும் முடிந்ததும் நடுவில் கோணல்மாணலாக நின்ற மிச்சத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. மாலைக்குள் முப்பது ஏக்கரும் முடிவெட்டிய தலை மாதிரி ஆனது. வழியில் போனவர்கள் ஹாரன் அடித்துப் பாராட்டினார்கள். வேறென்ன வேண்டும் அந்த மனிதருக்கு!

அக்டோபர் வந்தது. தம்பிகள் வந்தார்கள். பத்து மணிக்கு ஆரஞ்சுத் தொப்பியும் துப்பாக்கியுமாக மூன்று பேரும் வரிசை பிடித்து நடந்தார்கள். கணுக்கால் அளவுதான் புல். கர்ட்டின் நாய் ஒரு சுற்று மோந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

"மே மாசம் கூவுச்சே அண்ணே, எங்க போச்சு?" என்றான் கர்ட்.

அப்போது ஒரு சேவல் சாலைக்கு அந்தப் பக்கம் சம்புக்குள்ளிருந்து கத்திக்கொண்டே எழுந்து மறுபடி அங்கேயே இறங்கியது. பின்னாலேயே இன்னும் நாலு. தம்பிகள் வாயைப் பிளந்தார்கள்.

"அது யார் நிலம்? போய்க் கேளுண்ணே. பக்கத்து வீடுதானே" என்றான் வெண்டல். கேட்காமல் போனால், அவன் கெடு வைத்த மூன்று வருஷத்தோடு எல்லாம் முடிந்தது.

அடுத்தவர் நிலத்தில் வேட்டையாட வேண்டுமென்றால் துப்பாக்கியை வண்டியில் வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கதவைத் தட்ட வேண்டும். ஆர்டெல் தட்டினார்.

கதவைத் திறந்த பெர்னடின் கையெல்லாம் மாவு. "வாப்பா ஆர்டெல். முட்செடி எண்ண வந்தியா? உள்ள வா, பேனா தர்றேன்."

"இல்ல... தம்பிங்க வந்திருக்காங்க. உங்க பக்கம் கொஞ்சம் நடக்கலாமான்னு..."

"ஏன், உன் மைதானத்துக்கு என்ன வந்துச்சு? ஜம்முனு பந்தாடலாம் போல இருக்கே."

"உங்க கிட்ட எப்படி இவ்ளோ கோழி..."

"நான் என்னத்த செஞ்சேன்? எனக்கு இடுப்பு வலி. மூணு வருஷமா அந்தப் பக்கம் காலே வைக்கல." கையைத் துடைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஜூன்ல நீ வெட்டுனத ஜன்னல்லருந்து பாத்தேன். நடுவுல மெஷினை நிறுத்திட்டு எறங்குனியே. என்ன கெடந்துச்சு?"

ஆர்டெல் தொப்பியைத் திருகினார். "கூடு."

"எத்தனை முட்டை?"

"பதினொண்ணு."

"கோழி?"

"எழுந்திருக்கல."

"அப்புறம் என்ன செஞ்ச?"

"மிச்சத்தையும் வெட்டி முடிச்சேன்."

பெர்னடின் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் சிரித்தாள். அது இன்னும் மோசமாக இருந்தது. "தூ! நல்லா வெட்டுன போ. தம்பிங்கள வரச் சொல்லு, சுடட்டும். நீ நாயோட நட. உன் துப்பாக்கி வண்டியிலயே இருக்கட்டும்."

நடந்தார். மார்பளவு களைக்குள், கால்சட்டை முழுக்க முள் ஒட்ட, வெறுங்கையோடு நடந்தார். சேவல்கள் காலடியில் வெடித்துக் கிளம்பின. தம்பிகள் ஆளுக்கு மூன்று சுட்டுவிட்டுச் சின்னப் பையன்களாகக் கத்தினார்கள். ஆர்டெலுக்கும் உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. இனி அவர்கள் எந்தப் பண்ணைக்கும் போகமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

மாலை பெர்னடினின் சமையலறையில் பிளம் ரொட்டியும் காப்பியும் வந்தன. கர்ட் நாலாவது ரொட்டியைக் கடித்துக்கொண்டே கேட்டான்: "அடுத்த வருஷமும் வரலாமா அம்மா?"

"தாராளமா வாங்க. மாடியில ரெண்டு ரூம் சும்மாதான் கெடக்கு. இங்கயே தங்கிக்கோங்க."

தம்பிகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். பிறகுதான் வெண்டலுக்கு அண்ணனின் நினைவு வந்தது.

"நீயும் வந்துடுண்ணே, என்ன?"

வருகிறேன் என்று ஆர்டெல் தலையாட்டினார். சாலையைக் கடந்தால் போதும்.