வேண்டுதல் இல்லாத குன்று

போன மாதம் மதுராந்தகத்தில் ஒரு கல்யாணத்துக்கு ரயிலில் போனபோதுதான் வந்தது வினை. செங்கல்பட்டை நெருங்கையில் ஜன்னலை நிறைத்துக்கொண்டு ஓர் ஏரி. அதற்கப்பால் பேர் தெரியாத குன்று. அன்றிலிருந்து இசக்கியம்மாள் பாதி நேரம் தி. நகரிலேயே இல்லை.

உஸ்மான் ரோட்டுச் சந்தில் அவளும் கணவர் பாலகணேஷும் மேட்சிங் பிளவுஸ் கடை நடத்துகிறார்கள். எண்பது சென்டிமீட்டர் கேட்டவளுக்கு ஒரு மீட்டர் வெட்டிக் கொடுத்தாள். கத்திரி துணிக்குள் போய்க்கொண்டிருக்கும். அவள் பாறைமேல் ஏறிக்கொண்டிருப்பாள், தன்னந்தனியாக, "இன்னும் கொஞ்சம் லைட்டா காட்டுங்கக்கா" என்று யாரும் கேட்காத உயரத்தில்.

திட்டமெல்லாம் பக்கா. துணி சுற்றிய அட்டையின் பின்புறம் எழுதியாயிற்று: மாம்பலத்தில் காலை ஆறு மணி வண்டி, ஏரிக்கரையோடு நடை, பத்துக்குள் உச்சி, புளிச்சோறு, இருட்டுமுன் வீடு. ஃபோனில் மேப்பைப் பார்த்துப் பார்த்து, வழியிலிருக்கும் மரங்கள்கூட சொந்தக்காரர்கள் ஆகிவிட்டன.

சொல்ல ஒரு காரணம்தான் இல்லை. அவர்கள் குடும்பத்தில் கல்யாணம், சாவு, சாமி, இந்த மூன்றுக்கன்றி யாரும் கடையை விட்டு அசைந்ததில்லை. ஆகவே மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும் சாமியைத் துணைக்கு அழைத்தாள்.

"ஏங்க, ஒரு வேண்டுதல் இருக்கு. செங்கல்பட்டு பக்கம் மலைக்கோயிலு. புதன்கிழம நான் மட்டும் போயிட்டு வந்திருதேன்."

சாப்பிட்டுக்கொண்டிருந்த பாலகணேஷின் கை அப்படியே நின்றது. "ஏட்டி, ஆஸ்பத்திரிக்குப் போனியா? என்ன சொன்னாவ? என்கிட்ட ஏன் மறைக்க?"

வேண்டுதல் என்றால் நோய்நொடி என்றே வளர்ந்த மனுஷன். இதற்குமேல் பொய்யை நீட்டினால் பாவம்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. கோயிலும் இல்ல. சும்மா ஏறிப் பாக்கணும்போல இருக்கு."

"சும்மாவா?"

"சும்மாதான்."

நிம்மதியில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "அவ்வளவுதானா. அப்பம் கடைய அடைச்சிட்டு நானும் வாரேன்."

இருபத்தாறு வருடத்தில் அவர் இப்படிச் சொன்னதே இல்லை. உருகித்தான் போனாள். ஆனால் அந்தக் குன்றின்மேல் இரண்டு பேரை வைத்து அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

"நீங்க வேண்டாம்," என்றாள்.

அவர் கை கழுவிவிட்டு வந்து, அடுக்கியிருந்த துணிகளையே மறுபடி அடுக்கினார். பிறகு திரும்பாமலே கேட்டார்:

"உச்சிக்குப் போனதும் ஒரு ஃபோனு போடுவியா?"

"இறங்குன பொறவு போடுதேன்," என்றாள்.