கிடா கொடுத்த உத்தரவு

உலக மக்கள் அனைவருக்கும் அறிவிக்கப்படுவதாவது: 1985, வைகாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பரமத்தி வேலூருக்குப் பக்கத்து அம்மன் கோயிலில், இப்பிரபஞ்சம் வெறும் தோற்றமே என்ற பேருண்மை வெளியிடப்பட்டது. வெளியிட்டவர் கணக்கு விரிவுரையாளர் சுப்பையன். கோயமுத்தூரில் ஒரு கம்ப்யூட்டரைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தவர்.

அன்று அவர் வந்தது பெண் கேட்டு. வெற்றிலைத் தோட்டத்துத் தங்கசாமியின் மகள் சென்னியம்மாளைக் கரூர் பஸ்ஸில் பார்த்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. தங்கசாமிக்கும் சம்மதம்தான். ஆனால் அம்மன் உத்தரவு வேண்டும். கிடாயின் மேல் தீர்த்தம் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால், கடைசியாகச் சொன்ன வார்த்தைக்கு அம்மன் ஆமாம் போட்டதாக அர்த்தம்.

"இந்தக் கல்யாணம் நடக்கலாமா, தாயே?" என்று பூசாரி ஆண்டி குடம் குடமாக ஊற்றினார். கிடா சும்மா நின்றது, மாலையைத் தின்றுகொண்டு.

சுப்பையனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"ஆடு என்னத்துக்குங்க உதறோணும்? எல்லாமே ஒரு பெரிய கம்ப்யூட்டர் காட்டற படம், மாமா. இந்த ஆடு, கோயிலு, காவேரி, நீங்க, நானு, ஒண்ணுமே நெசமில்லீங்க."

"என்ற புள்ளயுங்களா, மாப்பிள்ளை?" என்றார் தங்கசாமி.

விரிவுரையாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "சென்னியம்மாவும் இல்லாதவங்கதானுங்க."

கிடா கொம்பிலிருந்து வால் வரை உதறியது.

ஆண்டியின் கையிலிருந்த குடம் விழுந்து உருண்டது. சென்னியம்மாள் தன் கையைத் தானே கிள்ளிப் பார்த்தாள். தங்கசாமி பூசாரியைப் பார்த்துக் கும்பிட்டார்.

"ஆத்தா சொல்லிப்போட்டா, சாமி. என்ற புள்ள இல்லையாமா."

"ஐயோ மாமா! தண்ணி பட்டா ஆடு உதறாதுங்களா? அது வெறும் ஆடுங்க!"

"இப்ப ஆடு மட்டும் நெசமாயிருச்சுங்களா?"

"எல்லாமே நெசந்தானுங்க! சென்னியம்மா நெசந்தானுங்க!" சுப்பையன் சேற்றில் மண்டியிட்டுக் கிடாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். "நீயே சொல்லு! ஒரே ஒருக்கா உதறு!"

ஆண்டி மறுபடியும் தீர்த்தம் தெளித்தார். கிடா அசையவில்லை.

"ஏனுங்க," என்றாள் சென்னியம்மாள், முதல் முறையாக வாய் திறந்து, "இல்லாதவளுக்கு எதுக்குங்க தாலி? எந்திரிங்க, பேண்டெல்லாம் சேறு."

ஐப்பசியில் அவளை, ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள்.