கால்காரி

தங்கவேலுக்கு முதுகு அழகு. அது அவனுக்கே தெரியும் என்பதுதான் எங்களுக்குத் தொல்லை. தேனாம்பேட்டைச் சந்து ஒன்றில் அப்துல் கஃபார் பாய் நடத்திய தகரக்கொட்டகைக் கூடத்தில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் பளு தூக்கிக்கொண்டிருந்தோம். நாங்கள் சட்டையைக் கழற்றுவது வியர்வைக்கு. அவன் கழற்றுவது ஊர் பார்ப்பதற்கு. தியாகராய நகரில் ஒரு திருநெல்வேலி அண்ணாச்சியின் ஜவுளிக்கடையில் அவனுக்குத் துணி மூட்டை சுமக்கிற வேலை. மூட்டையை இறக்கும்போதுகூடக் கடைக் கண்ணாடி இருக்கிற பக்கமாகத் திரும்பித்தான் இறக்குவான்.

எழுபத்தொன்றில் போட்டிகளில் பிரஸ் என்றொரு தூக்கு இன்னும் இருந்தது. இரும்புத் தட்டு மாட்டிய கம்பிதான் பார். அதை மார்புவரை கொண்டுவந்து, அங்கிருந்து கை பலத்தால் தலைக்கு மேலே தள்ள வேண்டும். உடம்பு நேராக நிற்க வேண்டும் என்பது விதி. யாரும் அதை மதிக்கவில்லை. இடுப்பைப் பின்னால் வளைத்தால் கூடுதலாக ஒரு ஜோடி தட்டு ஏறும், நடுவர்களும் கண்டுகொள்ள மாட்டார்கள். தங்கவேல் வளைந்தால் அவன் முகம் கூரையைப் பார்க்கும்.

"இடுப்ப வளைக்காதே நைனா. வயித்த இறுக்கிக்கினு நேரா நில்லு. முடியலியா, தட்ட கழட்டு," என்று பாய் சொல்லாத நாள் இல்லை.

"தட்ட கழட்டுனா வேலைய எவன் பாய் குடுப்பான்?" என்பான் இவன்.

அந்த வேலைதான் விஷயம். ஒரு சர்க்கார் கம்பெனியில் பளு தூக்குகிறவன் ஒருவனை எடுக்கப் போகிறார்கள் என்று தகவல் வந்திருந்தது. மாதச் சம்பளம், குடியிருக்க ஓட்டு வீடு. அடையாற்றங்கரையில் குடிசை போட்டு, வெள்ளம் வரும்போதெல்லாம் சட்டி பானையோடு பாலத்தில் ஏறி நிற்கிறவனுக்கு அது லேசான விஷயமா?

இனி ரத்னாவைச் சொல்ல வேண்டும். அவன் பெண்டாட்டி. கூடத்தில் பாதிப் பேருக்கு அவள் பெயர் ரத்னா என்பதே தெரியாது. கால்காரி என்றால் தெரியும். அவள் தாய் வயிற்றிலிருந்து தலைக்குப் பதிலாகக் கால் முன்னால் வந்து பிறந்தவள் என்று, தாலி ஏறிய பிறகு, யாரோ தங்கவேலின் காதில் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து பால் திரிந்தாலும் சரி, பஸ் தவறினாலும் சரி, அவள் கால்தான் காரணம்.

"வரும்போதே எட்டி ஒதைச்சிக்கினு வந்தவதானே நீ," என்பான்.

"மாமா, அது வந்து, நானு—" என்று ஆரம்பிப்பாள்.

"மூடு."

நான் பார்த்தவரை அவன் அவளை ஒரு பேச்சையும் முடிக்க விட்டதில்லை.

ஒருநாள் அவனுக்கு அவித்த முட்டை கொண்டுவந்தவள், வாசலோரம் கிடந்த பாரைத் தாண்டிவிட்டாள். பாரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஆரம்பிப்பது எங்கள் பழக்கம், யாரும் அதைத் தாண்ட மாட்டோம். முட்டை கொண்டுவந்தவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? தங்கவேல் தட்டு முடுக்குகிற ஸ்பேனரை எடுத்து அவள் வலது கால் கட்டைவிரல்மேல் போட்டான். போட்டான் என்றால் கை தவறி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், ஓங்கிப் போட்டான். அவள் கத்தவில்லை. முட்டைக் கிண்ணத்தைக் கவனமாகக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பாய் அவனை அசிங்கமாகத் திட்டினார். அவன் முட்டையை உரித்துத் தின்றான். அவளுக்கு நகம் விழுந்து, விரல் கோணலாகவே கூடிற்று. அன்றைக்கு அவன்மேல் எனக்கு வந்த வெறுப்பு பிறகு இறங்கவே இல்லை.

அந்தக் கம்பெனி வேலைக்கான தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அது நடந்தது. பாய் டீ குடிக்கப் போயிருந்த நேரமாகப் பார்த்து, இதுவரை தொடாத எடையை மாட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தான். பாதி தூரம் போன பார் அப்படியே நின்றது. பிறகு முன்னால் விழுந்தது. இவன் மண்டி போட்டு, கைகளை ஊன்றி, ஒரு சொல்கூடப் பேச முடியாமல் வாயால் மூச்சு வாங்கினான். நானும், தகவல் கேட்டு ஓடிவந்த ரத்னாவும்தான் ரிக்‌ஷாவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ரிக்‌ஷாக்காரனைத் திட்டினான். மீதி நேரம் ரத்னாவைத் திட்டினான்.

டாக்டர் சின்ன வயசு, பொறுமைசாலி. அவன் காலை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார்.

"முதுகெலும்புக்கு நடுவுல இருக்கிற ஜவ்வு பிதுங்கியிருக்கு. மூணு வாரம் பலகையில படு. வலி போயிடுச்சேன்னு எழுந்து ஓடாதே. வலி முதல்ல போயிடும், உள்ளே ஆற நாளாகும். அதுக்கப்புறமும் வெறும் கம்பியிலேர்ந்துதான் ஆரம்பிக்கணும். இடுப்ப வளைக்கிற வேலையே கூடாது. தரையில இருக்கிறதை எடுக்கணும்னா முட்டியை மடக்கி உட்காரு, உடம்போட ஒட்டிப் பிடி, அப்படியே எழுந்திரு. முதுகால தூக்கக் கூடாது. உன் முதுகைக் காப்பாத்தப் போறது கால்தான்ப்பா. கால்தான்."

ரத்னா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். தங்கவேல் கடைசிச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டான்.

இடுப்புப் பிடித்துக்கொண்டால், காலால் பிறந்தவர்களைக் கூப்பிட்டு மூன்று தடவை மிதிக்கச் சொல்வது எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். அதற்கென்று இரண்டு தெரு தள்ளிப் போய் ஆள் கூட்டிவருவார்கள். இவனுக்கு வீட்டிலேயே இருக்கிறாள்.

"டாக்டரே ஸொல்லிட்டாரு மச்சி. கால்தான்னு ரெண்டு வாட்டி ஸொன்னாரா இல்லியா? நீயும்தானே கேட்டுக்கினு இருந்தே!" என்றான் என்னிடம். சரியான கூமுட்டை. அவர் சொன்னது உன் காலைப்பா என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தான்.

சனிக்கிழமை சாயங்காலம், சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்துவிட்டான். மறுநாள் தேர்வு. பின்னாலேயே ரத்னா. நடுக்கூடத்தில் சாக்கை விரித்துக் குப்புறப் படுத்தான்.

"இன்னாடா கூத்து இது? வூட்டுக்குப் போய்ப் பட்றா," என்றார் பாய். அவர் பேச்சை அவன் எப்போது கேட்டான்?

"இந்தா கால்காரி, வா. வந்து மிதி."

"மாமா, டாக்டரு சொன்னது அந்தக் காலு இல்ல. மடக்கி ஒக்காந்து தூக்கச் சொன்னாரு. அப்பால, நானு வந்து—"

"மூடு. மிதின்னா மிதி."

அவள் எங்களை எல்லாம் ஒரு தடவை பார்த்தாள். யாராவது ஏதாவது சொல்வார்களா என்று பார்த்தாளோ என்னவோ. நாங்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். அவள் வாயை மூடிக்கொண்டாள். கோணல் விரல் உள்ள அந்த வலது காலை அவன் முதுகில் வைத்து எடுத்தாள்.

"இன்னாடி, தடவிக்கினு கீற? சோறு துன்றது இல்ல? பலமா!"

அடுத்த இரண்டையும் பலமாகவே மிதித்தாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். பிறகு எழுந்து நின்றான், கையை உதறினான், இடுப்பை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பினான்.

"வுட்டுச்சு மச்சி! சுத்தமா வுட்டுச்சு!"

ஐந்தாறு நாள் படுத்துக் கிடந்தவனுக்கு வலி பாதி குறைந்துதான் இருக்கும். மீதி வலியை அத்தனை பேர் முன்னால் ஒப்புக்கொள்கிற ஆளா அவன்? கூடமே கைதட்டியது. அன்றைக்கு மட்டும் கால்காரி என்று செல்லமாகக் கூப்பிட்டு அவளை வீட்டுக்கு அனுப்பினான். அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தேர்வில் முதல் தூக்கு ஏறிவிட்டது. எங்களைப் பார்த்துக் கண்ணடித்தான். இரண்டாவதற்குத் தட்டு கூட்டச் சொன்னான். பாய் எழுந்து நின்று, வேணாண்டா, வேணாண்டா என்று கத்தினார். இவன் பாரை மார்பில் வாங்கி, வளைந்து, கூரையைப் பார்த்தான். முன் வரிசையில் இருந்த எனக்கு ஒரு சத்தம் கேட்டது. பச்சை விறகை முறிக்கிற சத்தம். இப்போதும் நான் அதை நினைக்க விரும்புவதில்லை. பார் முன்னால் விழுந்தது, இவன் பின்னால் விழுந்தான். எழுந்திருக்கச் சொன்னோம். கால் எங்கே இருக்கிறதென்று எங்களிடமே கேட்டான்.

வேலை ஆதம்பாக்கத்துக்காரன் ஒருவனுக்குப் போயிற்று. தங்கவேலுக்கு ஆபரேஷன் செய்து பார்த்தார்கள். ஒரு கால் செத்தே போயிற்று, இன்னொன்று மரத்துக் கிடந்தது. குடிசைக்கே திரும்பி வந்து, அதே பலகையில் படுத்தான். போகிறவர்கள் வருகிறவர்களிடமெல்லாம் ஒரே பாட்டு: "வஞ்சம் வெச்சு மிதிச்சா. அவ கால்தான் என்ன முட்ச்சிது."

ஊரும் நம்பியது. நம்புவதற்கு ஊருக்கு என்ன செலவு?

ரத்னா கே.கே. நகரில் வீடு கட்டுகிற இடத்தில் சித்தாள் வேலைக்குப் போனாள். ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். மணல் கூடைக்கு முன்னால் முட்டியை மடக்கி உட்கார்ந்தாள். கூடையை வயிற்றோடு அணைத்தாள். முதுகு நேராக இருக்க எழுந்து நின்றாள், பிறகு தலைக்கு ஏற்றினாள். டாக்டர் சொன்னது ஒருத்தருக்காவது உதவியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் முடிவதற்குள் நானும் பாயும் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு அவனைப் பார்க்கப் போனோம். அந்த முதுகு எங்கே போயிற்றோ தெரியவில்லை. எலும்பைக் கயிற்றில் கோத்து வைத்தது மாதிரி இருந்தான். எனக்கு அவனைப் பார்த்துப் பரிதாபம் வரவில்லை. பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது?

ரத்னா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, காலில் சிமெண்டோடு உட்கார்ந்திருந்தாள். அவளைக் கண்டதும் பாட்டை ஆரம்பித்தான்.

"பாத்தியா பாய், தோ, இந்தக் கால்தான். காலால பொறந்தவள கட்டிக்கினு—"

"காலால பொறந்தது நானு இல்ல," என்றாள் ரத்னா.

குரல் உயரவே இல்லை. நாங்கள் திரும்பிப் பார்த்தோம்.

"எங்க அக்கா. எனக்கு முன்னால பொறந்தவ. பொறந்த அன்னிக்கே செத்துப்பூட்டா. நானு எல்லார் மாதிரியும் தலையாலதான் பொறந்தேன். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து சொல்ல வந்துக்கினே கீறேன். மிதிக்கச் சொன்ன அன்னிக்கும் சொல்ல வந்தேன். மூடுன்னே. மூடிக்கினேன்."

பாய் தலையைக் குனிந்துகொண்டார். தங்கவேலின் முகத்தை நான் பார்த்தேன். மிதித்தது வெறும் கால் என்பது அவனுக்கு மெல்ல மெல்லத்தான் உள்ளே இறங்கியது. ஒன்றுமில்லாத காலை நம்பி எழுந்து நின்றிருக்கிறான். அழுவதா, திட்டுவதா என்று தெரியாமல் உதடு கோணியது. தண்ணீர், தண்ணீர் என்றான்.

தண்ணீர் டம்ளர் ரத்னாவுக்குப் பக்கத்தில் தரையில் இருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே வலது காலை நீட்டி, கோணல் கட்டைவிரலால் டம்ளரை அவன் பக்கம் தள்ளினாள். கொஞ்சம் சிந்தியது.

"அடியே—" என்று ஆரம்பித்தான்.

"மூடு," என்றாள் அவள்.

அவன் கையை நீட்டி டம்ளரை எடுத்துக் குடித்தான்.