மூன்றாம் குழி கேட்டது

எங்கள் நகராட்சி உரக்கிடங்கில், சரியாக மக்காத உரம் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்கும். மக்கி முடிந்ததும் கேட்பதை நிறுத்திவிடும். அதனால் தரப் பரிசோதனை சுலபம். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழிய வேண்டும். தண்ணீர் சொட்டக் கூடாது, குரலும் வரக் கூடாது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஓட்டல் கழிவு நாற்பது நாளில் அடங்கிவிடும். வீட்டுக் கழிவுக்கு அறுபது நாள். மூன்றாம் குழியோ நூறு நாளாகியும் கேட்டுக்கொண்டே இருந்தது. சத்துகளில் குறையே இல்லை. ஈரம் மட்டும் எழுபது சதவீதத்திலிருந்து இறங்க மறுத்தது. வெள்ளிக்கிழமைக்குள் தேறாவிட்டால் குப்பைமேட்டில் கொட்டிவிடுவார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. இவ்வளவு அக்கறையாக விசாரிக்கிற ஒன்றை எப்படிக் கொண்டுபோய்க் கொட்டுவது?

நானும் கூட வேலை பார்க்கும் ரெஜினாவும் தினமும் மரியாதைக்கு "ஆச்சு, ஆச்சு" என்று பதில் சொல்லிவந்தோம். குழியில் போட்டது என்ன என்று பதிவேட்டைப் புரட்டிய பிறகுதான் எங்கள் அசட்டுத்தனம் புரிந்தது. அது எங்களைக் கேட்கவே இல்லை. உள்ளே இருந்தது ஒரு கல்யாணச் சாப்பாடு. மாப்பிள்ளை வராததால் நானூறு பேர் கை நனைக்காமல் எழுந்துபோயிருந்தார்கள்.

"கல்யாணப் பொண்ணக் கூட்டிட்டு வந்துருவோம் சார்," என்றாள் ரெஜினா.

வியாழக்கிழமை மதியம் மணப்பெண் சுகந்தி, தான் வேலை பார்க்கும் தையல் கடையிலிருந்து நேராக வந்தாள். குழியோரம் குந்தி ஒரு பிடி அள்ளினாள்.

"சாப்பிட்டியாம்மா?" என்றது உரம்.

"இல்ல," என்றாள் சுகந்தி. "அன்னைக்கும் சாப்பிடல. யாரும் கேக்கவும் இல்ல."

ரெஜினா தன் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்தாள். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல். சுகந்தி நிதானமாகச் சாப்பிட்டாள். பாதியில் அழுதாள், அழுதுகொண்டே அடுத்த வாய் எடுத்தாள்.

"இன்னும் கொஞ்சம் வச்சுக்கோம்மா," என்றது குழி. ரெஜினா வைத்தாள்.

சுகந்தி கை கழுவப் போனபோது நான் ஒரு பிடி அள்ளிப் பிழிந்தேன். சத்தமே இல்லை. மீட்டரைச் செருகிப் பார்த்தேன். ஈரம் ஐம்பத்தைந்து சதவீதம். தேறியது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவள் கிளம்பும்போது குழியின் நடுவே உரம் விலகி, ஒரு தாம்பூலப்பை மேலே வந்தது. தேங்காயும் வெற்றிலை பாக்கும் கெடாமல் இருந்தன. பையில் அச்சடித்த இரண்டு பெயர்களில் மாப்பிள்ளையின் பெயர் மட்டும் நன்றாக மக்கியிருந்தது. சுகந்தி பையை உதறித் தோளில் மாட்டிக்கொண்டு, நாலரை மணி பஸ்ஸுக்கு நடந்தாள்.