பேட்ரிக் பெயரில் 1,986 மணி நேரம்

திங்கட்கிழமை காலை மிஸ் ஜெனட்டின் மின்னஞ்சலைப் படித்தபோது என் கையில் பாதி கடித்த வடை இருந்தது. மீதியை நான் சாப்பிடவில்லை.

மிஸ் ஜெனட் எங்கள் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் ஆள் கணக்குப் பார்ப்பவர். நான் சேது, கோலசிலாங்கூர் வட்டார அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பார்ப்பவன். அப்படிச் சொல்வது மரியாதைக்கு. பிரிண்டரில் காகிதம் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், மேனஜர் அறை ஏர்கான் ஒழுகினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

அவர் கேட்டிருந்தது எளிய விஷயம். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களின் வரைபடம் போடும் மென்பொருளுக்குக் கம்பெனி லைசன்ஸ் வாங்கி வைத்திருக்கிறது. அதை யார் யார் எத்தனை மணி நேரம் பயன்படுத்தினார்கள் என்று ஆள் வாரியாகப் பன்னிரண்டு மாத வரலாறு வேண்டும். புதன் மாலை ஐந்து மணிக்குள். முந்நூறு மணி நேரத்துக்குக் கீழே இருப்பவர் நிரந்தர ஊழியர் என்றால் மருத்துவக் காரணமோ வேறு காரணமோ காட்டி முன்கூட்டியே ஓய்வு. ஒப்பந்த ஊழியர் என்றால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது.

எங்கள் அலுவலகத்தில் அந்த மென்பொருளைத் தொடுகிறவர்கள் இரண்டே பேர். ஒருவர் பேட்ரிக். ஐம்பத்தெட்டு வயது, நிரந்தரம். இன்னொருத்தி கண்மணி. இருபத்தேழு வயது, ஒப்பந்தம். அவளுடைய ஒப்பந்தம் அந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது.

மென்பொருள் விற்றவர்கள் இதற்கென்று ஒரு ஏபிஐ வைத்திருக்கிறார்கள். தோட்டத்துக் கடை ஜன்னல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போக முடியாது. வெளியே நின்று முறைப்படி கேட்டால் கேட்டதை மட்டும் எடுத்துக் கொடுக்கும். ஆள் பெயர், தொடக்க நாள், முடிவு நாள் மூன்றையும் கொடுத்து ஒரு சின்ன நிரல் எழுதினேன். பேட்ரிக் பெயரைக் கேட்டதும் பக்கம் பக்கமாக வந்தது. எத்தனை மணிக்குத் திறந்தார், எத்தனை மணிக்கு மூடினார், எந்தக் கம்ப்யூட்டரில். கூட்டிப் பார்த்தால் 1,986 மணி நேரம்.

கண்மணி பெயரைக் கேட்டேன். இரண்டு சதுர அடைப்புக்குறிகள் வந்தன. நடுவில் ஒன்றுமில்லை.

எனக்கு ஆச்சரியமில்லை, பயம்தான் வந்தது. அந்த 1,986 மணி நேரமும் கண்மணியுடையது. அது ஆபீசுக்கே தெரியும். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்பார்கள். தலைமை அலுவலகத்துக்கோ கண்ணாடி மட்டும்தான் தெரியும், கை தெரியாது.

நடந்தது இதுதான். பதினான்கு மாதத்துக்கு முன்னால் பேட்ரிக்கின் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. திங்கள், புதன், வெள்ளி காலையில் டையாலிசிஸ். மற்ற நாட்களில் வந்து உட்காருவார், ஆனால் அரை மணி நேரத்துக்கு மேல் திரையைப் பார்த்தால் தலை சுற்றும். அதே மாதம்தான் கண்மணி வேலைக்குச் சேர்ந்தாள். அவளுக்குப் பயனர் பெயர் போட்டாயிற்று, லைசன்ஸ்தான் இல்லை. இருந்தது ஒன்றே ஒன்று, அது பேட்ரிக் பெயரில். இன்னொன்றுக்குத் தலைமை அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும், அல்லது பேட்ரிக்கிடமிருந்து எடுத்து அவளுக்கு மாற்ற வேண்டும்.

நான் இரண்டையும் செய்யவில்லை. பேட்ரிக்கின் கடவுச்சொல்லை ஒரு மஞ்சள் தாளில் எழுதி அவள் கையில் கொடுத்தேன். "இப்போதைக்கு இதுல செய் லா. அங்கள் பேர்லயே ஓடட்டும். அடுத்த வாரம் ஒனக்குப் போட்டுத் தர்றேன்" என்றேன்.

எங்கள் ஆட்களுக்கு இது ரத்தத்தில் ஊறியது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒருத்தன் காய்ச்சலில் விழுந்தால் பக்கத்து நிரைக்காரர்கள் அவன் நிரை மரங்களின் குலைகளையும் சேர்த்து வெட்டுவார்கள். காலை ஆள் கணக்கெடுப்பான பெரட்டில் மேற்பார்வையாளர் மண்டோர் அவன் பெயரைக் கூப்பிட்டால் வேறொருத்தன் குரல் கொடுப்பான். மண்டோரும் தெரிந்தே எழுதிக்கொள்வார். இதைப் பெருமையாகப் பேசுகிறவர்கள் உண்டு. நானும் அன்றைக்குப் பெருமையாகத்தான் நினைத்தேன். மண்டோருக்குக் கண் இருந்தது, மென்பொருளுக்கு இல்லை என்பதை யோசிக்கவில்லை. அந்த அடுத்த வாரமும் பதினான்கு மாதமாக வரவில்லை.

செவ்வாய் முழுக்க நான் ஆதாரம் தேடினேன். கம்ப்யூட்டர் பெயரை வைத்துப் பிடித்துவிடலாம் என்று முதலில் நம்பினேன். அதுவும் பொய்த்தது. கண்மணி உட்கார்ந்திருந்ததே பேட்ரிக்கின் மேசையில், பேட்ரிக்கின் கம்ப்யூட்டரில். புது மேசை போட இடமில்லை என்று அதையும் நான்தான் ஏற்பாடு செய்திருந்தேன். எந்தப் பக்கம் தோண்டினாலும் என் கைவேலைதான் வெளியே வந்தது.

புதன் காலை ஒன்று தோன்றியது. வாசலில் கைரேகை இயந்திரம் இருக்கிறதே! பேட்ரிக் டையாலிசிஸ் நாளில் ஒரு மணிக்கு மேல்தான் விரல் வைக்கிறார். ஆனால் அந்த நாட்களிலும் அவர் பெயரில் மென்பொருள் காலை எட்டரைக்கே திறந்திருக்கிறது. ஒருத்தர் ஊசியோடு கட்டிலில் படுத்துக்கொண்டே புக்கிட் ரோத்தானுக்கு அப்பால் உள்ள தோட்டத்தை வரைய முடியாதல்லவா? இரண்டு பட்டியலையும் நாள் வாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும்.

ஏபிஐ ஒரு தடவைக்கு நூறு வரிதான் கொடுக்கும். வேகமாகக் கேட்டால் கோபித்துக்கொண்டு கதவைச் சாத்தும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நுழைவுச் சீட்டு காலாவதியாகும். மூன்று முறை பாதியில் அறுந்தது. நான் மேசையைக் குத்தினேன். பக்கத்து அறையிலிருந்து மேனஜர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இரண்டு மணிக்குக் கண்மணி என் அறை வாசலில் வந்து நின்றாள். குருவி தலையில் பனங்காய் வைத்த மாதிரி இரண்டு ஆள் வேலையைச் சுமந்தவள், ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அன்றைக்குக் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சேதுண்ணே, எனக்கு ஜீரோ காட்டுதாமே?"

"காட்டுது."

"எப்படியாச்சும் பண்ணுங்கண்ணே. திரும்பி அந்தக் கையுறை பேக்டரிக்கு என்னால போக முடியாது."

செரண்டா பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் நான்கு வருடம் நின்றுகொண்டே வேலை செய்தவள் அவள். அங்கிருந்தபடியே மாலை வகுப்பில் வரைபடம் படித்துத் தப்பி வந்தாள். அவள் விரலிடுக்குகளில் கையுறைக்குப் பூசும் மாவுப்பொடி அரித்த தழும்பு இன்னும் இருக்கிறது.

"உண்மையை எழுதப் போறேன். நான்தான் பாஸ்வேர்ட் குடுத்தேன், நீதான் செஞ்சேன்னு" என்றேன்.

அவள் கதவுச் சட்டத்திலிருந்து கையை எடுத்தாள். "எழுதுங்க" என்றாள்.

அவள் போனதும் பேட்ரிக் வந்தார். இடது முழங்கையில் பஞ்சு வைத்து ஒட்டிய பிளாஸ்திரி. எதிர் நாற்காலியில் மெதுவாக இறங்கி உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியும் சேது, நீ என்னா எழுதப் போறேன்னு. எழுதாதேன்னு கேக்க எனக்கு வாயில்ல. அந்தப் பிள்ள என்னைத் தூக்கிச் சுமந்துச்சு. ஆனா ஒண்ணு. டையாலிசிஸ் கம்பெனி மெடிக்கல் கார்டுலதான் ஓடுது. வேலை போச்சுன்னா கார்டும் போச்சு. நான் அரசாங்க ஆஸ்பத்திரில பேரு குடுத்து வச்சிருக்கேன். எப்போ எடம் வரும்னு அவங்களுக்கே தெரியல."

ஒருவரைக் காப்பாற்றினால் இன்னொருவர் போவார். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது, அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை என்பதால் இன்னும் அதிகமாக வந்தது. "போங்க அங்கள், நான் பார்த்துக்கறேன்" என்று கத்தியேவிட்டேன்.

நாலு ஐம்பத்தாறுக்கு அறிக்கையை அனுப்பினேன். மேலே ஏபிஐ கொடுத்த எண்கள். கீழே கைரேகைப் பட்டியல். அதற்கும் கீழே என் குறிப்பு: பேட்ரிக் நோயுற்றதிலிருந்து அவர் பெயரில் உள்ள நேரம் கண்மணியுடையது, கடவுச்சொல் கொடுத்தவன் நான், தண்டனை எனக்கு, பேட்ரிக்கை மருத்துவ விடுப்பில் வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அனுப்பிவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன். மனசு லேசாக இருந்தது. நல்லவன் ஆகிவிட்ட நினைப்பு.

வியாழன் பத்து மணிக்கு மேனஜர் அறையில் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டார்கள். நான், கண்மணி, பேட்ரிக். மேசையின் ஒரே பக்கத்தில் மூன்று பேரும்.

மிஸ் ஜெனட்டின் குரல் கணீரென்று வந்தது. "மிஸ்டர் சேது ஒரு ரிமார்க் எழுதியிருக்காரு. அது லைசன்ஸ் விதிமீறல், சீரியஸ் விஷயம். மருத்துவ விடுப்பெல்லாம் இதுல பேச முடியாது. விதி ஒண்ணுதான், முந்நூறு. அதனால நேரடியா கேக்கறேன். கண்மணி, மிஸ்டர் பேட்ரிக் பேர்ல இருக்கற வேலைய நீங்கதான் செஞ்சீங்களா?"

கண்மணி வாயைத் திறந்தாள். பக்கத்தில் பேட்ரிக் இரண்டு கைகளையும் மேசை மேல் வைத்திருந்தார். ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன நரம்பு முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கயிறாகத் தெரிந்தது. அவர் அவளைப் பார்க்கவில்லை. சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய உதடு மட்டும் அசைந்தது, ஜெபம் சொல்கிறார் போல.

"இல்ல மிஸ்" என்றாள் கண்மணி.

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"டையாலிசிஸ் நாள்ல காலையில எட்டரைக்கு யார் திறந்தது?" என்று கேட்டார் மிஸ் ஜெனட்.

"நான் திறந்து மட்டும் வைப்பேன் மிஸ். அங்கள் மத்தியானம் வந்து செய்வாரு. வேலையெல்லாம் அங்களோடதுதான்."

அந்த மென்பொருள் திறந்திருந்த நேரத்தை எண்ணுமே தவிர வேலை செய்த நேரத்தை எண்ணாது. அவள் சொன்னதை மறுக்க என்னிடம் ஒரு வரிகூட இல்லை. மிஸ் ஜெனட், அறிக்கையில் ஏபிஐ கொடுத்தது மட்டும் நிற்கும், ரிமார்க் நீக்கப்படும், நோயாளி மேல் பழி சொன்னதற்கு மிஸ்டர் சேதுவுக்கு எச்சரிக்கைக் கடிதம் வரும் என்றார். தொலைபேசி துண்டிக்கப்பட்டது. பேட்ரிக் அங்கள் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதார்.

மோட்டார் சைக்கிள்கள் நிற்கும் கொட்டகையில் அவளைப் பிடித்தேன். "ஒனக்கு என்னா கிறுக்கா? நேத்து எழுதுங்கன்னு சொன்னியே!"

"நேத்து அவரு என் பக்கத்துல ஒக்காந்திருக்கல."

"நீ பேக்டரிக்குப் போக மாட்டேன்னு சொன்னியே."

"இப்பவும் மாட்டேன்தான் சொல்றேன். என்னா செய்யறது, போய்த்தான் ஆகணும்." அவள் குரல் உடைந்தது. உடைந்ததை அவளே வெறுத்தாள் போலிருந்தது, சத்தமாகப் பேசினாள். "நான் ஆமான்னு சொன்னா அவரு அடுத்த மாசம் இருப்பாரான்னு தெரியாது. இல்லன்னு சொன்னா எனக்கு வேலதான் போகும். இத என் தலைல கட்டினது யாரு? நீங்க எழுதினது உண்மைதாண்ணே, இல்லன்னு சொல்லல. ஆனா பதினாலு மாசம் கழிச்சு எழுதினீங்க. மொத மாசமே எனக்குன்னு ஒரு லைசன்ஸ் கேட்டிருந்தா அவருக்கும் எனக்கும் நடுவுல இந்தப் பேச்சே வந்திருக்காது."

நான் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் அவள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். எனக்கு அழுகை வந்தது, அழவும் இல்லை.

வெள்ளிக்கிழமை அவளுடைய கடைசி நாள். பேட்ரிக் டையாலிசிஸ் போய்விட்டார். மறுநடவுக்கான ஒரு வரைபடம் பாதியில் நின்றிருந்தது. அவள் வழக்கம்போல வந்து உட்கார்ந்து அந்த மஞ்சள் தாளை எடுத்தாள்.

"இரு" என்றேன்.

என் அறைக்குப் போய் நிர்வாகப் பக்கத்தைத் திறந்தேன். பேட்ரிக் பெயரிலிருந்து லைசன்ஸை எடுத்துக் கண்மணி பெயரில் வைத்தேன். சேமி என்று அழுத்தினேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அத்தனை மாதம் நான் தள்ளிப்போட்ட வேலை அவ்வளவுதான்.

"ஒன் பேர்ல உள்ள போ" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அவள் மதியம் சாப்பிடப் போகவில்லை. மாலை ஐந்தரை தாண்டி வரைபடத்தை முடித்து, அச்செடுத்து, மேனஜர் மேசையில் வைத்தாள். மஞ்சள் தாளைச் சுக்கல் சுக்கலாகக் கிழித்துக் கூடையில் போட்டாள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பெஸ்தாரி ஜெயா பக்கம் போய்விட்டாள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. நான் லைசன்ஸைத் திரும்பவும் பேட்ரிக் பெயருக்கு மாற்றினேன்.

இப்போது மாதாமாதம் அறிக்கை கேட்கிறார்கள். பேட்ரிக் தினமும் மென்பொருளைத் திறந்து வைத்துவிட்டு அதன் எதிரே உட்கார்ந்திருக்கிறார். ஏபிஐ அதை வேலை நேரம் என்று கொடுக்கிறது, நானும் அப்படியே அனுப்புகிறேன்.

போன வாரம் கண்மணி பெயரைப் போட்டுக் கேட்டேன். ஒரே ஒரு வரி வந்தது. வெள்ளி, தொடக்கம் 9:12, முடிவு 17:34. எட்டு மணி இருபத்திரண்டு நிமிடம். அதை அட்டவணையில் ஒட்டியதும் அந்த வரி தானாகச் சிவப்பாகியது. முந்நூறுக்குக் கீழே இருந்தால் சிவப்பாக வேண்டும் என்று அதை அமைத்து வைத்தவனும் நான்தான்.