குரல் காணப்படவில்லை

1

இந்தக் கதை பயத்தில் பிறந்தது. ஒளிக்க ஒன்றுமில்லை.

போன வாரம் என் கம்ப்யூட்டர் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. ‘அணைத்துவிடாதீர்கள்’ என்று நீலத் திரையில் ஒரு வாசகம், அதற்குக் கீழே சுற்றிச் சுற்றி வரும் புள்ளிகள். பாதி எழுதிய நாவல் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது. கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஒரு எழுத்துகூடக் குறையாமல் எல்லாம் திரும்பி வந்தது, பயம் மட்டும் போகவில்லை. சும்மா இருக்கிற பயத்துக்கு ஒரு வேலை கொடுப்போம் என்று யோசித்தேன். என்னைவிடப் பெரிதாக இழக்கக்கூடிய ஒருவர் அந்தப் புள்ளிகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தால்?

2

முதல் தொடக்கம்: ‘அவள் ஸ்விட்சைப் போட்டபோது வானம் கறுத்திருந்தது. தூரத்தில் ஏதோ ஒரு பறவை’

(வேண்டாம். கம்ப்யூட்டர் கெட்டதற்குப் பறவை என்ன செய்யும்?)

இரண்டாம் தொடக்கம்: ‘தொழில்நுட்பம் மனித வாழ்வில் ஏற்படுத்தும் மாற்றங்கள்’

(பள்ளிக்கூடக் கட்டுரை.)

மூன்றாம் தொடக்கம்: ‘மாஸ்டர் வேறு யாரோ ஒருவருடைய குரலில் தண்ணீர் கேட்டார்.’

இது நிற்கும். இதையே பிடித்துக்கொண்டு போகிறேன்.

3

மாஸ்டர் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். அந்தப் பேட்டையில் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள்தான். தொண்டையில் நோய் வந்து குரல்வளையை எடுக்கவேண்டும் என்றானபோது, ஒரு சிறிய கம்பெனிக்காரர்கள் அவரை மைக் முன்னால் உட்கார வைத்தார்கள். வாரக்கணக்கில் வாக்கியங்களைப் படிக்கச் சொல்லி, அதிலிருந்து அவருடைய குரலையே கம்ப்யூட்டருக்குள் செய்து கொடுத்தார்கள். அவர் தட்டினால் போதும், அவருடைய தொண்டையிலிருந்தே வருவதுபோல் வரும். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி, சமையலறையில் நின்றபடியே பல தடவை, ‘கத்தாதீங்க, காது கேக்குது!’ என்று பதில் கொடுத்திருக்கிறாள். அந்த அளவுக்கு அசல்.

அந்தக் குரல் அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும்தான் பேசும். நகல் எடுத்தால் நகல் ஊமை. செய்து கொடுத்த கம்பெனி இப்போது இல்லை.

(‘போனில் அவர் பேசிய பதிவு ஒன்றுகூடவா இல்லை?’ என்று நீங்கள் கேட்பது தெரிகிறது. இருக்கிறது. ‘ஹலோ, சத்தமா பேசு, ஒண்ணும் கேக்கல’ என்று. அதை எத்தனை தடவை போட்டாலும் அதையேதான் சொல்லும். புதிதாக ஒரு சண்டை போடாது.)

புதுப்பிக்கச் சொல்லித் திரையில் செய்தி வரும்போதெல்லாம் குரலுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அவள் ‘பிறகு’ என்பதை அழுத்திவிடுவாள். பல் தேய்ப்பதுபோல் அது அவளுக்குத் தினசரி வேலை. அன்று அவள் தங்கை வீட்டுக்குப் போவது பற்றி இருவருக்கும் சண்டை. மாஸ்டர் சுடச்சுட ஒரு பதிலைத் தட்டிக்கொண்டிருந்தார். பாதி வாக்கியத்தில் அந்தச் செய்தி வந்து, தட்டுகிற கட்டத்தின் மேலேயே உட்கார்ந்தது. பேசிக்கொண்டிருக்கிற மனுஷனின் வாயைப் பொத்தினால் என்ன செய்வான்? கையைத் தட்டிவிடுவான். அவர் ‘சரி’யை அழுத்தினார்.

திரை இருண்டது. அரை நாள் கழித்து உயிர் வந்தபோது ஒரு வரி: ‘குரல் காணப்படவில்லை. இயல்புநிலைக் குரல் பயன்படுத்தப்படும்.’

அதன் பிறகுதான் அவர் தண்ணீர் கேட்டது.

4

‘அவள் பொறுமையாக அவர் தோளில் கை வைத்து, கவலைப்படாதீங்க என்று’

இல்லை. இவளை நான் நம்பவில்லை. இப்படி ஒருத்தியை நான் எந்த வீட்டிலும் பார்த்ததில்லை. திரும்ப எழுதுகிறேன்.

“எதுக்குங்க அழுத்தினீங்க? நான்தான் நாள் தவறாம ‘பிறகு, பிறகு’ன்னு தள்ளிக்கிட்டு வந்தேன்ல? ஒரு நிமிஷம் பொறுத்திருந்தா என்ன குடி முழுகிப் போயிடும்?”

மாஸ்டர் தட்டினார். செய்தி வாசிப்பவனைப்போல் நிதானமான, இளமையான, யாரென்று தெரியாத ஒருத்தன் சொன்னான்: “நீதான் என்னைக் கோபப்படுத்தின.”

அந்த நிதானம் அவருக்கே பொறுக்கவில்லை. மேஜையை ஓங்கிக் குத்தினார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. தன் வீட்டுக்குள் யாரோ ஒருத்தன் உட்கார்ந்து தன்னைக் குறை சொல்கிறான் என்று அவளுக்கு உடம்பு கூசியது.

5

ரிப்பேர் கடைக்காரர் வந்தார். நல்ல மனிதர், ஆனால் வாயில் நல்ல வார்த்தை வராது. அணைத்துப் போட்டார். ஒலி சம்பந்தப்பட்டதை எல்லாம் எடுத்துவிட்டுத் திரும்ப ஏற்றினார். பழைய புரோகிராமைப் பழைய மாதிரியே ஓட வைக்கும் வழிகளைப் பார்த்தார். அடுத்தடுத்த நாட்களிலும் வந்தார். ஒவ்வொரு தடவையும் மாஸ்டர் ‘சோதனை’ என்று தட்டுவார், அதே செய்தி வாசிப்பவன் ‘சோதனை’ என்பான்.

“அக்கா, குரல் உள்ளதான் இருக்கு. புது சிஸ்டத்துக்கு அது யாருன்னு தெரியல, அவ்வளவுதான்.”

“அப்ப எப்படித் தெரிய வைக்கறது?”

“ஒரே வழி, பழசுக்கே திரும்பிப் போறது. அந்தக் கதவு கொஞ்ச நாளைக்குத்தான் திறந்திருக்கும். நாளையோட மூடிடும்.”

“போயிட வேண்டியதுதானே?”

அவர் தலையைச் சொறிந்தார். “போனா பழையபடி பேசலாம். இல்ல, போற வழியில அதைக் குப்பைன்னு நினைச்சு மொத்தமா துடைச்சும் விட்டுடலாம். ரெண்டும் நான் பாத்திருக்கேன்.”

“போகலன்னா?”

“ஊமையா உள்ளயே கிடக்கும். என்னைக்காவது யாராவது பேச வைக்கலாம். வைக்காமலும் போகலாம். நான் எதுவும் சொல்ல மாட்டேன் அக்கா. அப்புறம் என் தலையில விழும்.”

6

இங்கே ஒரு கட்டுரைப் பத்தி எழுதியிருந்தேன், நினைவும் இயந்திரமும் பற்றி. நன்றாகவே இருந்தது. எடுத்துவிட்டேன். ஏனென்றால் மறுநாள் மருந்துக்கடையில் இது நடந்தது.

யாருக்கோ மாத்திரை அட்டையை வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கை வேலை செய்ய, மனசு சும்மா அவர் அவளைக் கூப்பிடுவதை நினைத்துப் பார்த்தது. ‘ஏம்மா.’ அவ்வளவுதான், சின்ன வார்த்தை. அவளுக்குள் அது செய்தி வாசிப்பவனின் குரலில் கேட்டது.

இன்னொரு தடவை நினைத்தாள். அவனே. அவர்கள் கல்யாணமான புதிதில், முதன்முதலாக வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுத்தபோது அவர் கத்தியதை நினைத்தாள். அவன் அங்கேயும் போய்ப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தான்.

கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். கம்ப்யூட்டரிலிருந்து குரல் போகலாம் என்றுதான் இதுவரை பயந்திருந்தாள். தன்னிடமிருந்தே போய்க்கொண்டிருக்கிறது என்று இப்போதுதான் தெரிந்தது. எனக்கும் இதை எழுதும்போதுதான் தெரிந்தது. எழுந்து போய்க் கொஞ்ச நேரம் ஜன்னலோரம் நின்றுவிட்டு வந்தேன்.

7

மாஸ்டர் கம்ப்யூட்டருக்கு முன்னால்தான் இருந்தார். திரையில் ‘முந்தைய பதிப்புக்குத் திரும்பு’ என்ற பொத்தான்.

“உங்க குரல் எனக்கு மறக்குதுங்க,” என்றாள். மூச்சு வாங்கியது. “துடைச்சிட்டா என்னங்க செய்வேன்?”

அவர் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு தட்டினார்.

“எனக்கும் பயமா இருக்கு,” என்றான் செய்தி வாசிப்பவன், பயமே இல்லாமல்.

அவள் அழுத்தினாள்.

முடிவு ஒன்று: ‘அவருடைய பழைய கரகரப்பு வீடு முழுக்க’

முடிவு இரண்டு: ‘திரையில் அதே வரி மறுபடியும்’

இரண்டையும் முழுதாக எழுதினேன், இரண்டையும் அழித்தேன். காரணம் சொல்கிறேன். ஆரம்பத்திலிருந்து அவர் குரல், அவர் குரல் என்று அளந்துகொண்டிருக்கிறேனே, நான் அதைக் கேட்டதே இல்லை. ‘கரகரப்பு’ என்பதுகூடச் சும்மா போட்டது. காகிதத்தில் மாஸ்டரும் செய்தி வாசிப்பவனும் ஒரே எழுத்தில்தான் பேசுகிறார்கள். இது எனக்கு இவ்வளவு தாமதமாக உறைத்ததில் வெட்கம்தான்.

ஆகவே எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். புள்ளிகள் சுற்றி முடித்தன. திரை வந்தது. அதைப் பார்க்கப் பயந்து அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மாஸ்டர் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு இது:

“ஏம்மா, ஏன் இப்படி நிக்கற? இங்க வா.”

எந்தக் குரல் என்று என்னைக் கேட்காதீர்கள். இப்போது அதை ஏதோ ஒரு குரலில் படித்தது நீங்கள்தான். அவள் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை, சரியாகக் கேட்கவில்லை என்கிறாள். இன்னொரு தடவை, வாய்விட்டு, அவளுக்குப் படித்துக் காட்டுங்கள்.