பெஞ்சின் இரு முனைகள்

விடிவதற்குள் மூன்று பெஞ்சுகளைக் கழற்றிவிட்டோம். பல்கலைக்கழக வகுப்புக் கூடத்தில் தரையோடு போல்ட் போட்டு முடுக்கிய நீள பெஞ்சுகள். துருப்பிடித்த போல்ட்டில் ஸ்பேனரை மாட்டி நெம்பினால் தோள்பட்டையே கழன்றுவிடும் போல வலிக்கும். முகக்கவசத்துக்குள் வியர்வை உப்புக் கரித்தது. தொற்றுக் காலம், மாணவர்கள் தள்ளித் தள்ளி உட்கார வேண்டும். அதற்காக ஒன்றுவிட்டு ஒரு பெஞ்சு வெளியே போகிறது.

நியாயமான வேலைதான். கான்ட்ராக்டர்தான் அதை அநியாயமாக்கினார். நாலு பேர் தூக்க வேண்டிய பெஞ்சு அது. 'இடைவெளி' என்று சொல்லிப் பாதி ஆட்களை வாசலிலேயே நிறுத்திவிட்டார். வீடு திரும்ப வண்டியும் தராததால் அவர்கள் அங்கேயே நின்றார்கள். நானும் என் நாத்தனாரும் முனைக்கு ஒருவராகத் தூக்கினோம்.

படியில் அவள் கால் இடறியது. பெஞ்சு அவள் பாதத்தின் மேல் இறங்கியது. "அண்ணீ!" என்று அலறினாள். பெஞ்சை நெம்பி அவள் காலை வெளியே எடுத்தேன்.

கான்ட்ராக்டர் ஓடி வந்தார். "ஓரமா உக்கார வைங்க. மத்தியானம் அதிகாரிங்க பார்க்க வர்றாங்க."

"கால் உடைஞ்சிருக்கு. ஆஸ்பத்திரிக்கு வண்டி குடுங்க" என்றேன்.

"வேலை முடியட்டும். பார்த்துத் தூக்கியிருக்கணும்."

"நாலு பேர் சுமையை ரெண்டு பேர் எப்படிப் பார்த்துத் தூக்குறது?"

"இடைவெளி விதியை நானா போட்டேன்?"

நாங்கள் வாயாடி என்று கூப்பிடும் தச்சர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "சரக்கு வண்டியில எங்களைப் புளிமூட்டை மாதிரி அடைச்சுக் கொண்டாந்தீங்களே, அப்ப அந்த விதி தூங்கிட்டிருந்துச்சா?"

யாரோ சிரித்துவிட்டார்கள். கான்ட்ராக்டரின் முகம் கறுத்தது. "வாய் பேசுறவங்க வெளிய போங்க. ஆளுக்கா பஞ்சம்?"

இந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதான் இத்தனை நாள் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தோம். எங்கள் இருவர் கூலியில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. ஆனால் என் கண்ணெதிரே அவள் பாதம் வீங்கிக்கொண்டே போனது.

"வண்டி வராம ஒரு போல்ட்டும் கழலாது" என்றேன்.

தச்சர் என் பக்கத்தில் வந்து நின்றார். மற்றவர்களும் வந்தார்கள். கான்ட்ராக்டர் சளைக்கவில்லை, வாசலில் நின்றவர்களைக் கைதட்டிக் கூப்பிட்டார். "வாங்க! இவங்க வேலை இனி உங்களுக்கு."

அவர்கள் உள்ளே வந்தார்கள். அவர்கள் வீட்டிலும் உலை கொதிக்க வேண்டுமே.

முன்னால் வந்த கொத்தனார் கீழே கிடந்த ஸ்பேனரைப் பார்த்தார். பிறகு அவள் பாதத்தைப் பார்த்தார். குனிந்து அவள் தோளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே சொன்னார்:

"இன்னைக்கு இந்தப் பொண்ணோட கால். நாளைக்கு என் கால். வண்டிச் சாவியை எடுங்க, சார்."

சாவி இன்னும் கான்ட்ராக்டரின் பையில்தான் இருந்தது. ஆனால் வேலைக்குப் போக ஒருவரும் நகரவில்லை.